அந்தத் தாய் செய்த சிலையில் சிப்பாய் இல்லை

ஒவ்வொரு நவம்பர் 27ஆம் திகதியும் பெரியம்மாவைக் கோப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. துயிலும் இல்லம் இருந்த காணிக்குள் போக முடியாது. 1995இன் பின் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய இராணுவம் அங்கிருந்த கல்லறைகளை இடித்தது. 2002 சமாதான காலத்தில் மீண்டும் கட்டினார்கள். போர் முடிந்தபின் அதையும் இடித்து, 2011இல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தை அந்த இடத்தில் திறந்தார்கள். அதனால் வெளியேதான் விளக்கேற்றுகிறோம். பெரியம்மா சட்டம் போட்ட அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முகாம் வேலியைப் பார்த்தபடி இருப்பார். அண்ணாவின் கல் எந்த வரிசையில் இருந்தது என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், ஒரு விரிவுரையில் திரையில் ஒரு சிலையைக் காட்டினார்கள். நிலத்தில் குந்தியிருக்கும் ஒரு தாயின் கால்களுக்கிடையில், குழந்தையைப்போல் மடங்கிக் கிடக்கிறான் வளர்ந்த மகன். ஒரு கையை வாயோடு சேர்த்து, மறு கையால் அவன் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். பெரிய சிலை என்றுதான் நினைத்தேன். மூலச்சிலையின் உயரம் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியம்மாவின் மடியில் இருக்கும் படமும் கிட்டத்தட்ட அதே உயரம். அதன்பின் அதைச் செய்த பெண்ணைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன்.

கேத்தே கொல்விட்ஸ் 1867 ஜூலை 8இல் கொனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யா, இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். தந்தை சட்டம் படித்தும் கட்டடவேலையை வாழ்வாக எடுத்தவர். மகளின் கையில் வரையும் திறமை இருப்பதைக் கண்டு படிக்கவைத்தார். 1891இல் கார்ல் கொல்விட்ஸ் என்ற வைத்தியரை மணந்து பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். கணவரிடம் மருந்துக்கு வந்த ஏழைப் பெண்களின் முகங்கள் அவருடைய ஓவியங்களுக்குள் வந்தன. நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய அவருடைய ஆறு அச்சோவியங்கள் 1898இல் காட்சிக்கு வந்தபோது பதக்கம் கொடுக்கப் பரிந்துரைத்தார்கள். ஜேர்மன் பேரரசர் மறுத்துவிட்டார்.

1903இல் இறந்த குழந்தையை அணைத்திருக்கும் ஒரு தாயை வரைந்தார். அதற்காக ஏழு வயது இளைய மகன் பீற்றரை மடியில் கிடத்தி, கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் சென்று சிற்பம் பழகினார். அங்கே ரோடானையும் சந்தித்தார்.

1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியது. பீற்றருக்கு 18 வயது. தொண்டனாகப் படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தந்தையின் அனுமதி வேண்டும். தந்தை மறுத்தார். பீற்றர் தாயிடம் வந்தான். கேத்தே கணவருடன் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தார். அந்த ஒக்டோபரிலேயே பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டே பகுதியில் பீற்றர் கொல்லப்பட்டான்.

கொல்விட்ஸின் வாழ்க்கையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் இதுதான். எங்கள் அண்ணா கேட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு காலை எழும்பியபோது அவரைக் காணவில்லை. எங்கள் மண்ணில் கேட்காமல் போனவர்களும் உண்டு, அவர்களைக் கேட்காமலே கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. கேட்டிருந்தால் மறித்திருப்பேன் என்ற எண்ணமாவது பெரியம்மாவுக்கு இருக்கிறது. கேத்தேயிடம் மகன் கேட்டான், அவர் ஓம் என்றார். அந்தச் சுமையை அவர் வேறு யார்மீதும் இறக்கிவைக்கவில்லை.

1914 முடிவதற்குள்ளேயே மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யத் தொடங்கினார். முதல் திட்டத்தில் பீற்றர் கிடந்த கோலத்தில் இருந்தான், தாயும் தந்தையும் அவனருகே. வரைந்து பார்த்தார், களிமண்ணில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. 1919இல் கைவிட்டார். இதற்கிடையில் அவருடைய மனமும் மாறியது. 1918இல், போர் தோற்கும் வேளையில் ஒரு கவிஞர் இன்னும் தொண்டர்கள் வேண்டும் என்று எழுதியபோது, போதுமான பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்ற கருத்தில் பத்திரிகையில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். 1920களின் தொடக்கத்தில் போர் என்ற தலைப்பில் ஏழு மரவெட்டு அச்சோவியங்கள் செய்தார். ஒன்றில் இளைஞர்கள் சாவின் பறைக்குப் பின்னால் மயங்கிப் போகிறார்கள். சாவுக்கு மிக அருகில் நிற்பவன் பீற்றர். அந்த ஏழிலும் போர்க்களமே இல்லை.

பின்னர் மீண்டும் நினைவுச்சின்னத்தை எடுத்தார். இம்முறை மகனை நீக்கிவிட்டார். முழந்தாளிட்ட தந்தை, முழந்தாளிட்ட தாய், அவ்வளவுதான். தந்தை தன்னைத்தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே பார்க்கிறார். தாய் குனிந்து கிடக்கிறாள். அவள் முகம் கேத்தேயின் முகம். 1932 ஜூலையில், தொடங்கி ஏறக்குறைய 18 ஆண்டுகளின் பின், அந்த இரண்டு கற்சிலைகளும் பீற்றர் புதைக்கப்பட்ட மயானத்தில் வைக்கப்பட்டன. பின்னாளில் கல்லறைகளோடு விளாட்ஸ்லோ மயானத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே 25,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர் கிடக்கிறார்கள். பெல்ஜியம் அவர்கள் ஆக்கிரமித்த நாடு. ஆனாலும் அந்தக் கல்லறைகள் இடிக்கப்படவில்லை.

1933இல் ஹிட்லர் வந்ததும், நாசிகளுக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகக் கேத்தே கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அதில் உறுப்பினரான முதல் பெண் அவர். 1936இல் இரகசியப் பொலிஸார் வீட்டுக்கு வந்து மிரட்டினார்கள். அதன்பின் அவருடைய வேலைகளைக் காட்சிக்கு வைக்கவும் விடவில்லை. எழுபது வயதை நெருங்கிய அவர் கையளவு சிற்பங்கள் செய்தார். போருக்குப் போகும் ரயிலுக்குக் கையசைத்தபடி ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கும் சிப்பாய்களின் மனைவிமார். பிள்ளைகளை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றி நின்று மறிக்கும் தாய்மார். முன்பு மரவெட்டில் வரைந்த உருவத்தைத்தான் அதில் களிமண்ணுக்குக் கொண்டுவந்தார். நான் திரையில் பார்த்த தாயும் மகனும் அந்தக் காலத்தவைதான். 1937 ஒக்டோபரில், பீற்றர் இறந்த நாளில், அந்தச் சிலையில் வேலை செய்ததை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

1940இல் கணவர் இறந்தார். 1942இல், பீற்றர் என்றே பெயரிடப்பட்ட பேரன் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அந்த ஆண்டு வரைந்த கடைசிக் கல்லச்சோவியத்தில் ஒரு கிழவி மூன்று பையன்களைத் தன் மேலங்கிக்குள் அமுக்கி வைத்திருக்கிறாள். விதைநெல்லை அரைக்கக்கூடாது என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். 1943 குண்டுவீச்சில் அரைநூற்றாண்டு வாழ்ந்த வீடு எரிந்தது, பல வேலைகளும் அழிந்தன. இடம்பெயர்ந்து மொறிட்ஸ்பேர்க்கில் இருந்தபோது, 1945 ஏப்ரல் 22இல் இறந்தார். போர் முடிய இரண்டு வாரங்களே இருந்தன.

1993இல் ஜேர்மன் அரசு அந்தச் சிறிய சிலையை நான்கு மடங்கு பெருப்பித்து, பேர்லினில் தேசிய நினைவிடம் ஒன்றில் வைத்தது. கொன்றவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே துக்கத்துக்குள் அடக்குகிறீர்கள் என்று பலர் எதிர்த்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, எங்களுக்கும் பொருந்தும். கேத்தே அதை எந்த அரசுக்காகவும் செய்யவில்லை.

வன்னிக்குப் போகும்போது புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் ஏந்தி எழுந்து நிற்கும் சிப்பாயின் பெரிய சிலையைக் காண்கிறேன். அதைக் கடக்கும்போதெல்லாம் அந்த 38 சென்ரிமீற்றர் தாய்தான் நினைவுக்கு வருகிறாள்.

கேத்தேயின் படத்தைப் பெரியம்மாவுக்குக் கைபேசியில் காட்டினேன். குனிந்திருக்கும் அந்தக் கற்சிலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பிள்ளையின் கல் அவளுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். கிட்டத்தான் என்றேன். கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, மடியில் இருந்த படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.