மகாகனம் சாஸ்திரியாரின் ஆங்கிலம்

நம் அங்கத்தினர்கள் பலரது இல்லங்களில் பேரன் பேத்திகள் ஜி.ஆர்.இ., கேட் போன்ற தேர்வுகளுக்காக ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போடுவதைப் பார்க்கிறேன். அர்த்தம் கேட்டால் உடனே சொல்கிறார்கள். அதே சொல்லை ஒரு வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு மகாகனம் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் நினைவு வரும். ஆங்கிலேயர்களே வெள்ளிநா படைத்தவர் என்று வியந்த அந்த மனிதர் எந்தப் பட்டியலையும் நம்பி வளர்ந்தவர் அல்லர்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 22-9-1869 அன்று பிறந்தார். தகப்பனார் வைதிகர், ஏழைக் குடும்பம். வீட்டில் காதில் விழுந்தது ஸம்ஸ்கிருதம்தான், ஆங்கிலம் அல்ல. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்து 1887-ல் பட்டம் பெற்றார். பிறகு சேலத்தில் ஆசிரியர் வேலை; அதன்பின் சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். (அந்நாளில், 1904-ல், திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். டி.யு.சி.எஸ். கடையில் அரிசி வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

அவருடைய சொல்வளம் இந்த வகுப்பறை வருஷங்களில்தான் கெட்டிப்பட்டது என்பது என் அபிப்பிராயம். தனக்குள் படிப்பவன் ஒரு சொல்லை ஏறக்குறையப் புரிந்துகொண்டு நகர்ந்துவிடலாம். வாத்தியாருக்கு அது முடியாது. எதிரே பையன் கேள்வி கேட்பான். கன்டினியுவல், கன்டினியுவஸ் இரண்டும் ஒன்றா? விட்டு விட்டு அடிக்கடி நடப்பது முன்னது, இடைவெளியே இல்லாமல் நடப்பது பின்னது. டிஸ்இன்டரஸ்டட் என்றால் அக்கறை இல்லாதவனா? இல்லை, தன் லாபம் கருதாதவன். இப்படி அடுத்தடுத்து நிற்கும் சொற்களின் எல்லையை அறிவதே உயர்ந்த சொல்வளம். பதினைந்து எழுத்துச் சொல்லைத் தூக்கி வீசுவது அல்ல. உச்சரிப்பிலும் இலக்கணத்திலும் சாஸ்திரியார் காட்டிய கண்டிப்பு கடைசிவரை பிரசித்தம்.

பள்ளிக்கூட வாழ்க்கையை விட்டு 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். நான் வசிக்கும் புணேயில்தான் அதன் தலைமையகம். 1915-ல் கோகலே மறைந்ததும் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. 1919-ல் ரௌலட் மசோதாவை எதிர்த்து இம்பீரியல் சட்டசபையில் இவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. 1921-ல் பிரிவி கவுன்சில் அங்கத்தினரானார். மகாகனம் என்ற அடைமொழி அதனால் வந்தது. மறுவருஷம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று அங்குள்ள இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார்.

ஆனால் நல்ல ஆங்கிலம் எல்லாவற்றையும் வென்றுவிடவில்லை. கென்யா இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டு 1923-ல் லண்டன் சென்றார். அவ்வருஷம் வெளிவந்த பிரிட்டிஷ் அரசின் வெள்ளை அறிக்கை, செழிப்பான மேட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பிரிட்டிஷ் நியாய உணர்வில் நம்பிக்கை வைத்திருந்த அவருக்கு அது பேரிடி. அவரை மிதவாதி என்றும் ஆள்வோருக்கு இணங்கியவர் என்றும் குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம்பியவர்களிடமே போய் அவர்கள் மொழியில் அவர்கள் தவற்றைச் சொல்வதற்கும் துணிவு வேண்டும்.

1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பதவியேற்றார். நிறபேதம் கோலோச்சிய அந்த நாட்டில் வெள்ளையர்கள் திரண்டு வந்து இவர் பேச்சைக் கேட்டார்கள். அவர் அங்கே விட்டுவந்தது பேச்சை மட்டும் அல்ல. இந்தியக் குழந்தைகளுக்கு உயர்நிலைக் கல்வி இல்லாத குறையைக் கண்டு, அங்குள்ள நம்மவரிடம் நிதி திரட்டினார். டர்பனில் 1929-ல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அதன் பலன். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

காந்திஜியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காதவர். ஆயினும் காந்திஜி அவரை அண்ணனாகவே பாவித்தார். காந்திஜியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். 1940-ல் வந்த இரண்டாம் பதிப்புக்காக அதை மொழி நோக்கில் வரிவரியாகத் திருத்தியவர் சாஸ்திரியார். தம் பெயர் வெளிவரக் கூடாது என்பது நிபந்தனை. தேசாய் முன்னுரையில் ஒரு நண்பர் என்ற அளவிலேயே நன்றி சொன்னார். இன்று அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் படிக்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. அதில் அகராதியைப் புரட்ட வைக்கும் சொற்கள் அபூர்வம். குழந்தைகளுக்குச் சொற்பட்டியலோடு அதில் தினம் இரண்டு பக்கமும் உரக்கப் படிக்கக் கொடுக்கலாம் என்பேன்.

1944-ல், உடல் தளர்ந்த நிலையிலும், மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் நிகழ்த்தினார், ஆங்கிலத்தில். வலங்கைமான் வீட்டில் கேட்ட மொழியும் கும்பகோணத்தில் கற்ற மொழியும் அங்கே ஒன்று சேர்ந்தன. 1946 ஜனவரியில் நோய்ப்படுக்கையில் இருந்தவரைக் காந்திஜி வந்து பார்த்தார். ஏப்ரல் 17 அன்று சாஸ்திரியார் காலமானார்.