கவியரசர் தாகூரும் கல்லூரியிற் கலைப் பயிற்சியும்

பரீட்சைக்கு வாராத எதனையும் பயிலாதிருப்பது நம் மாணவருலகில் ஒரு மரபாகிவிட்டது. விஞ்ஞானம் பயில்வோர் சித்திரக் கண்காட்சியை எட்டியும் பார்ப்பதில்லை. சட்டமும் வர்த்தகமும் பயில்வோர்க்கு நாட்டியமென்பது அரங்கேற்ற அழைப்பிதழோடு முடிந்துவிடும் செய்தி. நுண்கலைகளுக்கென எமது பல்கலைக்கழகங்களிற் பீடங்கள் உண்டு. ஆயினும், அவை கலையைத் தொழிலாகக் கொள்வோருக்கே உரியன என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அப்படியாயின், மற்றையோர் சித்திரத்தையும் சிற்பத்தையும் இசையையும் கூத்தையும் சுவைக்கக் கற்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண நாற்பதாண்டுகள் உழைத்த ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கி வரைய முற்படுகின்றோம். அவரோ எந்தக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெறாதவர்!

இரவீந்திரநாத தாகூர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி கல்கத்தா நகரில், ஜோராசங்கோ என்னுமிடத்திலுள்ள பெருமாளிகையிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறைக்கூடமாகவே தோன்றிற்று. ஒன்றை விட்டு ஒன்றாகப் பாடசாலைகள் மாறினார். யேசு சபைக் குருமார் நடாத்திய புனித சவேரியார் கல்லூரியிலும் அவர் நிலைக்கவில்லை. ஆனால் அங்கிருந்த ஸ்பானியக் குரு ஒருவரை மாத்திரம் அவர் கடைசிவரை மறக்கவில்லை. எழுதாமற் சோர்ந்திருந்த சிறுவனின் தோள்மீது கைவைத்து, உடம்புக்கு என்னவென்று அன்பாக வினாவினாராம் அவர். மிஷன் பாடசாலையில் வளர்ந்த நமக்கு அத்தகைய குருமாரைத் தெரியும். பாடகர் குழுவில் நிறுத்தி, பிறர் குரலைக் கேட்டு அதனோடு நம் குரலை இணைக்கப் பழக்கியவர்களும் அவர்களே அல்லரோ?

சிறுவன் இரவீந்திரன் உண்மையிற் கற்றது வீட்டிலே. தமையனார் ஜோதிரிந்திரநாதர் பியானோவிற் புதுப்புது மெட்டுக்களை எழுப்புவார். தம்பி உடனிருந்து அவற்றுக்குச் சொற்களைப் பொருத்துவார். நாடகம் நடிக்க வீட்டு மாடியே அரங்கு. நடிகர் குடும்பத்தார், பார்ப்போர் சுற்றத்தார். 1878இல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். 1880இல் பட்டமின்றித் திரும்பினார். வெறுங்கையோடு வந்தாரென்று எவரும் சொல்லவியலாது. ஸ்கொத்லாந்து, அயர்லாந்து நாட்டு மெட்டுக்கள் செவியில் நிறைந்திருந்தன. அவற்றுட் சிலவற்றை நம் நாட்டு இராகங்களோடு கலந்து, 1881இல் ‘வால்மீகி பிரதிபா’ என்னும் இசை நாடகத்தை இயற்றி, வால்மீகியாகத் தாமே நடித்தார்.

கலை என்பது அறைக்குள் அமர்ந்து குறிப்பெழுதிக் கற்கும் பொருளன்று, அது நடமாடும் வீட்டிலே வாழ்ந்து கற்கவேண்டிய ஒன்று என்ற கொள்கை அவ்வில்லத்திலேயே அவருள் விதைக்கப்பட்டது. பின்னாளில் அவர் செய்ததெல்லாம் அவ்வீட்டின் சுவர்களை அகற்றி, பிறர் பிள்ளைகளையும் உள்ளே அழைத்ததுதான் என்பது எமது கருத்து.

1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தந்தையார் தேவேந்திரநாதர் தியானத்துக்கென வாங்கியிருந்த சாந்திநிகேதன நிலத்தில் ஐந்தே மாணவருடன் ஒரு பாடசாலை தொடங்கிற்று. வகுப்புக்கள் மரநிழலில் நடந்தன. பணமுடை பெரிதாயிருந்தது, மனைவியார் மிருணாளினி தேவியார் தம் நகைகளையும் கொடுத்துதவினார். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் காலமானார். 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தையார், 1907இல் இளைய மகன் சமீந்திரன் என மரணம் அவ்வீட்டை விட்டகலவில்லை. பாடசாலை மட்டும் மூடப்படவில்லை. 1913இல் நோபல் பரிசு கிட்டியதை எல்லோரும் அறிவர். அதனை விரித்தெழுத வேண்டுவதில்லை.

எம் பொருளுக்கு முக்கியமானது 1916ஆம் ஆண்டின் ஜப்பான் பயணம். அங்கே பூவை ஒரு குவளையில் வைப்பதிலும் தேநீர் ஊற்றுவதிலுங்கூட அழகு நாடும் மக்களை அவர் கண்டார். மூன்றாண்டுகளின் பின், 1919இல், சாந்திநிகேதனத்திற் ‘கலாபவனம்’ தோன்றிற்று. 1921இல் விசுவபாரதி என்னும் கலாபீடம் முறையாகத் தொடக்கி வைக்கப்பட்டபோது, சித்திரமும் சங்கீதமும் பாடநூற் கல்விக்குச் சமமாக அங்கே ஆசனம் பெற்றன. அக்காலத்து இந்திய சர்வகலாசாலைகளில் இது புதுமை.

கலாபவனத்தை நடாத்த வந்தவர் ஓவியர் நந்தலால் போஸ். தொடக்க காலத்தில் அங்கே பரீட்சைத் தொல்லை இல்லை. வசந்த விழா, மழைக்கால விழா என்று ஆண்டு முழுவதும் விழாக்கள். பாடுவோர் சங்கீத மாணவர்; மேடையும் உடையும் ஒப்பனையும் சித்திர மாணவர் பொறுப்பு; நிலத்தில் இடும் ‘ஆல்பனா’, நம்மூர்க் கோலத்தின் வங்காளச் சகோதரி, மாணவிகளின் கைவண்ணம். பொருளாதாரமோ சமஸ்கிருதமோ படிக்க வந்தவரும் இவற்றிலிருந்து தப்பமுடியாது. சுவர்களில் ஓவியங்கள் எழுதப்பட்டன. 1938இல் இராம்கிங்கர் பைஜ், சீமெந்தையும் செம்பரற் கற்களையும் கலந்து, சந்தால் குடியினரான ஒரு குடும்பம் நடந்து செல்வதைப் பெருஞ்சிற்பமாக்கித் திறந்த வெளியில் நிறுத்தினார். அதைக் காண நுழைவுச்சீட்டு வேண்டாம். நாள்தோறும் அவ்வழியே போகும் மாணவன், ஒருநாள் இல்லாவிடினும் ஒருநாள், நின்று பார்த்தே தீருவான்.

குறையற்ற கூடமென்று நாம் புகழவில்லை. கவியரசரின் பாடல்கள் ஓங்கி ஒலித்ததால் பிறர் பாடல்களுக்கு அங்கே இடம் சுருங்கிற்று என்று குறைகூறுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு.

நடனத்தைக் கல்லூரிக்குட் கொணர்ந்ததே அவர் செயல்களில் மிகத் துணிகரமானது. 1919இல் சிலெட் பகுதிக்குச் சென்றபோது மணிப்புரி நடனத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்து, அதனைக் கற்பிக்க ஆசிரியரை வரவழைத்தார். நற்குடிப் பெண்கள் மேடையேறி ஆடுவதை வங்காளச் சமூகம் அக்காலத்தில் இழிவெனக் கருதிற்று. நம்மவர் எண்ணமும் அன்று வேறன்று. இன்றும் சில வீடுகளிற் பெண்பிள்ளையின் சலங்கை கலியாணப் பேச்சோடு பெட்டிக்குட் போய்விடுகின்றதே! 1926இல் ‘நடீர் பூஜா’ என்னும் நாடகத்தைப் பெண்கள் மட்டுமே நடிக்கத்தக்கதாக எழுதினார். அரசவை நடன மாது ஒருத்தி, புத்தபிரானுக்குத் தன் ஆடலையே பூசையாக்கி உயிர் துறக்கும் கதை அது. அவ்வேடத்தை ஏற்றவர் நந்தலாலின் மகள் கௌரி. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் அதனை அரங்கேற்ற முனைந்தபோது பழிச்சொல் எழுமென்பதை உணர்ந்த கவியரசர், உபாலி என்னும் பிக்குவின் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்து, அறுபத்தைந்து வயதில் தாமே மேடையில் தோன்றினார். வெண்தாடி வேந்தர் உடன் நிற்கையில் அப்பெண்களை நோக்கிக் கல்லெறிய எவருக்குத் துணிவு வரும்? எத்தனை கலைச் சொற்பொழிவுகள் ஆற்றினாலும் இந்த ஒரு செயலுக்கு ஈடாகா.

நம் நாட்டுக்கும் அக்காற்று வீசிற்று. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் குழுவினருடன் இலங்கை வந்த தாகூர், கொழும்பில் ‘சாபமோசனம்’ என்னும் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். ஹொறணையில் ஸ்ரீபாலி என்னும் கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார். கண்டி நடனத்தைக் கண்டு அவர் வியந்தார். அவருடைய மாணவர் சாந்திதேவ் கோஷ் அதனைக் கற்று அங்கே கொண்டு சென்றார். கொடுக்க வந்தவர் கொள்ளவும் அறிந்திருந்தார். அந்த ஸ்ரீபாலி 1996 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாயிருப்பதை அங்கு பயிலும் நண்பர்கள் அறிவார்கள்.

இவையெல்லாம் இலவசமாக நடந்தனவல்ல. விசுவபாரதிக்குப் பொருள் தேட எழுபது கடந்த முதியவர் நாடகக் குழுவோடு ஊரூராக அலைந்தார். 1936இல் ‘சித்ராங்கதா’வை நடாத்திக்கொண்டு டில்லி சேர்ந்தபோது, அவர் உடல்நிலை கண்டு வருந்திய காந்தியடிகள், அன்பரிடமிருந்து 60,000 ரூபாய் பெற்றுக் கொடுத்துப் பயணத்தை நிறுத்தச் செய்தார். கலைக்காகக் கையேந்துவது அம்முதியவருக்கு இழிவாகப் படவில்லை.

இன்னொரு வியப்பு: அவர் ஓவியராகியது அறுபது வயதுக்குப் பின்னரே. கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து விளையாடத் தொடங்கி, அக்கோடுகள் பறவையாகவும் பேயாகவும் முகமாகவும் மாற, 1930இல் பாரிஸ் நகரிற் கண்காட்சி வைக்குமளவுக்கு வளர்ந்தார். அவர் விட்டுச் சென்ற சித்திரங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை.

இத்தகைய கல்வியால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு ஒரு மாணவரைக் காட்டலாம். கல்கத்தாவிற் பொருளாதாரம் படித்த சத்யஜித் ராய், தாயாரின் விருப்பத்துக்கிணங்க, அரைமனத்தோடு 1940இற் கலாபவனம் சேர்ந்தார். மேனாட்டுச் சங்கீதத்திலும் சினிமாவிலும் மோகங்கொண்ட இளைஞர் அவர். மரத்தை வரையும்போது அடியிலிருந்து மேல்நோக்கி வரைக, மரம் அப்படித்தான் வளர்கின்றது என்று நந்தலால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். சக மாணவரோடு அஜந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டுவந்தார். பாடத்திட்டத்தை முடிக்காமலே 1942இற் புறப்பட்டுவிட்டார். ஓவியராக வாழவுமில்லை. ஆனால் 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யைக் கண்ட உலகம், நாணலையும் நீர்ப்பூச்சியையும் மழைத்துளியையும் அவ்வாறு பார்க்கத் தெரிந்த கண் எங்கே பழகிற்று என்று வியந்தது. கீழைத்தேயக் கலையின் மேன்மையைத் தமக்கு உணர்த்தியது சாந்திநிகேதனமே என்பதை ராய் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ராய் அங்கு சேர்ந்து ஓராண்டு கழிந்தபோது கவியரசர் நோயுற்றார். சத்திர சிகிச்சைக்கென அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். 1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆந் திகதி, தாம் பிறந்த ஜோராசங்கோ மாளிகையிலேயே அவர் ஆவி பிரிந்தது. முன்னர் ஒரு நாடகத்துக்கென அவர் எழுதிய பாடலொன்று உண்டு. தம் மரணத்தின் பின்னரே அதனைப் பாடவேண்டுமென்று ஒதுக்கி வைத்திருந்தார். அன்று சாந்திநிகேதனத்தின் பிரார்த்தனை மண்டபத்தில் அப்பாடலைப் பாடினார்கள்.