ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார்

சேர் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் (அக்டோபர் 14, 1887 – ஏப்ரல் 15, 1974) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். மகப்பேற்று மருத்துவத்தில் வல்லுநராக விளங்கிய இவர், 1942 முதல் 1969 வரை தொடர்ந்து 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வேறெவரும் இவ்வளவு நீண்ட காலம் இப்பதவியை வகித்ததில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆட்சிப் பொறுப்பில் ஒருவர் எத்தனை ஆண்டுகள் இருக்கலாம் என்ற வினா எழும்போது இவரது வாழ்க்கை எடுத்துக்காட்டாகக் கூறப்படத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

இலட்சுமணசுவாமி இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலுள்ள கர்நூலில் பிறந்தார். இவரும், பின்னாளில் அரசியல் அறிஞராகவும் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் விளங்கிய ஆற்காடு இராமசாமி முதலியாரும் இரட்டையர் ஆவர். சகோதரர் இருவரும் 1903 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். இராமசாமி சட்டத்துறையை நாட, இலட்சுமணசுவாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார்.

மருத்துவப் பணி

எழும்பூரிலுள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய இவர், மகப்பேற்று மருத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் புகழ் பெற்றார். இவர் எழுதிய கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்னும் ஆங்கிலப் பாடநூல் 1938 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர் கிருஷ்ண மேனன் என்னும் மருத்துவரின் பெயரும் இணைந்து முதலியார்-மேனன் நூல் என்றே அது மாணவரிடையே வழங்கலாயிற்று. இவரது மறைவுக்குப் பின்னரும் அந்நூல் திருத்தப்பட்ட பதிப்புகளாக வெளிவந்தது.

1939 ஆம் ஆண்டில் இவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. இந்திய மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் குழுவிலும் (1943–46) இவர் உறுப்பினராக இருந்தார்.

துணைவேந்தர் பதவி

1857 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றியமைக்கப்பட்டது. பேரவை (செனட்), ஆட்சிக்குழு (சிண்டிகேட்), கல்விக்குழு ஆகியவை அதன் முதன்மை அமைப்புகளாயின. மாநில ஆளுநர் வேந்தராக இருந்தபோதும், அன்றாட ஆட்சியும் ஆட்சிக்குழுவின் தலைமையும் துணைவேந்தரிடமே இருந்தன. துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஆனால் ஒருவர் எத்தனை முறை அப்பதவியை ஏற்கலாம் என்பதற்கு நடைமுறையில் வரம்பு இருக்கவில்லை.

இலட்சுமணசுவாமி 1942 ஆம் ஆண்டில் முகமது உசுமானுக்கு அடுத்துத் துணைவேந்தரானார். அப்போது அவருக்கு வயது 54. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பதவி புதுப்பிக்கப்பட, ஒன்பது பதவிக்காலங்கள் தொடர்ந்து அப்பொறுப்பில் இருந்தார். ஆங்கிலேய ஆட்சியில் பதவியேற்றவர், விடுதலைக்குப் பின் காங்கிரசு ஆட்சிக்காலம் முழுவதும், 1967 இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்த பின்னரும் பதவியில் தொடர்ந்தார். இடையில் 1950களில் சென்னைச் சட்டமன்ற மேலவையில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இவர் விளங்கியது குறிப்பிடத்தக்கது.

பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி

இவரது காலத்தில் பல்கலைக்கழகத்தின் எல்லை சுருங்கியது. ஆனால் ஆய்வுப் பணி விரிவடைந்தது. திருப்பதியில் 1954 ஆம் ஆண்டில் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், மதுரையில் 1966 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமும் தோன்றின. அதனால் பல கல்லூரிகள் சென்னையிடமிருந்து பிரிந்தன. மறுபுறம், கொடைவள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944 ஆம் ஆண்டில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. இக்கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. அழகப்பச் செட்டியார் நிறுவிய இராமானுசன் கணித நிறுவனத்தையும் 1957 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

ஆற்றல் மிக்க இளைஞர்களைக் கண்டறிந்து துறைத் தலைமையில் அமர்த்துவது இவரது வழக்கம். சர் சி. வி. இராமனின் பரிந்துரையை ஏற்று, 1952 ஆம் ஆண்டில் முப்பது வயதுகூட நிரம்பாத கோ. நா. இராமச்சந்திரனை இயற்பியல் துறைக்குத் தலைவராக்கினார். அங்கிருந்தே 1954 இல் கொலாசன் புரதத்தின் முப்புரி அமைப்பும், 1963 இல் இராமச்சந்திரன் வரைபடமும் உலகிற்கு வெளியிடப்பட்டன. தமிழ்த்துறையில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963–65 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. இத்தகைய பணிகள் மூன்றாண்டு எல்லைக்குள் முடிபவை அல்ல.

தேசிய, பன்னாட்டுப் பணிகள்

1952 ஆம் ஆண்டில் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்வி ஆணையத்திற்கு இவர் தலைமை தாங்கினார். முதலியார் ஆணையம் என வழங்கப்படும் இதன் அறிக்கை 1953 ஆம் ஆண்டில் வெளியானது. பலநோக்குப் பள்ளிகள் இதன் பரிந்துரையால் பரவின. 1959 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சுகாதார ஆய்வு மற்றும் திட்டக் குழுவிற்கும் இவரே தலைவர். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று 40,000 பேருக்கு மேல் பொறுப்பேற்கலாகாது என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

உலக சுகாதார அமைப்பின் முதல் பேரவை 1948 இல் செனீவாவில் கூடியபோது இந்தியக் குழுவின் துணைத் தலைவராகச் சென்றார். அடுத்த ஆண்டில் அவ்வமைப்பின் நிர்வாகக் குழுத் தலைவரானார். 1961 ஆம் ஆண்டில் புது தில்லியில் கூடிய பதினான்காவது உலக சுகாதாரப் பேரவைக்கும் தலைமை வகித்தார். அந்த நிர்வாகக் குழுவில் உறுப்பினர்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாறுவர். தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவார். சுழற்சி முறையில் இயங்கிய அவையில் தலைமை தாங்கிய அதே வேளையில், சுழற்சி இல்லாத பதவியொன்றையும் சென்னையில் இவர் வகித்து வந்தார்.

நீண்ட பதவிக்காலத்தின் விளைவுகள்

இவரது நீண்ட பதவிக்காலத்தை இருவிதமாக நோக்கலாம். அரசுகள் மாறியபோதும் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி குலையாமல் இருந்ததற்கும், ஆய்வுத் துறைகள் வேரூன்றியதற்கும் தலைமையின் தொடர்ச்சி துணை நின்றது. அடிக்கடி மாறும் துணைவேந்தரால் ஓர் இளம் ஆய்வாளரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கிப் பிடிக்க இயலாது.

ஆனால் அதே தொடர்ச்சி நிறுவனத்தை ஒரு தனிமனிதரைச் சார்ந்ததாகவும் ஆக்கியது. ஒரு தலைமுறை பேராசிரியர்கள் அவர் ஒருவரின் கீழ் மட்டுமே பணியாற்றி ஓய்வு பெற்றனர். ஆட்சிக்குழுவுக்குத் தலைமை தாங்குபவரே கால் நூற்றாண்டு மாறாதபோது, புதிதாக வரும் உறுப்பினர் அவரது அனுபவத்திற்கு எதிராக வாதிடுவது எளிதன்று. 1969 ஆம் ஆண்டில் இவர் விலகியபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். முன்னாள் பொதுக்கல்வி இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு அடுத்த துணைவேந்தரானார். இரண்டு ஆண்டுகளுக்குள் இராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கி, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் புதிய துறையொன்றை நிறுவினார். துணைவேந்தரின் தனிப்பட்ட ஆதரவில் வளர்ந்த துறை, அந்த ஆதரவு நீங்கியபின் தன் தலைவரையும் இழந்தது.

பின்வந்த சட்டங்கள்

தமிழ்நாட்டில் பின்னர் தோன்றிய பல்கலைக்கழகங்களின் சட்டங்கள் வேறு வழியைப் பின்பற்றின. கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தின் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். அதன்படி துணைவேந்தர் மூன்றாண்டுகளும், மறுநியமனம் பெற்றால் மேலும் மூன்றாண்டுகளும் ஆக மொத்தம் ஆறு ஆண்டுகளே பதவியில் இருக்கலாம். பேரவை, ஆட்சிக்குழு ஆகிய இரண்டிலோ ஒன்றிலோ மொத்தம் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், அவற்றிற்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவோ நியமிக்கப்படவோ தகுதியற்றவர் ஆவார். ஓர் அமைப்பில் காலம் முடிந்ததும் மற்றொன்றுக்கு மாறிச் செல்லும் வழி இதனால் அடைக்கப்பட்டது. எனினும் பதவி வழி உறுப்பினர்களுக்கு இத்தடை பொருந்தாது. எனவே அரசுச் செயலாளர்களின் இருக்கைகள் நிலைத்திருக்க, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் இருக்கைகள் மட்டுமே சுழன்றன. கால வரம்பு தனிமனித ஆதிக்கத்தைத் தடுத்தபோதும், அனுபவத்தின் எடை அரசின் பக்கம் சாயவும் இடமளித்தது.

விருதுகளும் மறைவும்

இவருக்கு 1945 ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு சேர் பட்டம் வழங்கியது. இந்திய அரசு 1954 இல் பத்ம பூசண் விருதும், 1963 இல் பத்ம விபூசண் விருதும் வழங்கிச் சிறப்பித்தது.

பதவியிலிருந்து விலகிய ஐந்து ஆண்டுகளில், 1974 ஏப்ரல் 15 அன்று இலட்சுமணசுவாமி காலமானார். இரட்டையரான இராமசாமி முதலியார் 1976 ஆம் ஆண்டில் மறைந்தார். சென்னை தரமணியிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலைப் பட்டப்படிப்பு நிறுவனம் இலட்சுமணசுவாமியின் பெயரைத் தாங்கியுள்ளது.