துப்பாக்கிக்குத் தாழ்ப்பாள் செய்தவர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மாட்டுச் சந்தையில் தரகர் கொம்பையும் திமிலையும் பார்த்து ஏமாறுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பல், நான்கு பல் என்று சொல்லி வயதை முடிவு கட்டிவிடுவார். பழைய வேட்டைத் துப்பாக்கியின் வயதை அறியவும் ஏறத்தாழ இதே வழிதான். மரக்கட்டைக்கு மெருகு ஏற்றிவிடலாம். குழலுக்குப் புதுக் கறுப்பு பூசிவிடலாம். ஆனால் பின்புறமுள்ள போல்ட்டை இழுத்துத் திறந்து பார்த்தால் அது எந்தக் காலத்துப் பொருள் என்பது வெளிப்பட்டுவிடும். அந்தப் போல்ட்டின் புடைப்பும் வெட்டும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லுகின்றன. அவரே ஜெர்மனி நாட்டுப் பீட்டர் பால் மௌசர்.

தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியைக் கையாண்டிருக்கும் நண்பர்களுக்குப் போல்ட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே தள்ளிப் பிடியைக் கீழே திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மேலே திருப்பிப் பின்னே இழுத்தால் திறந்துகொள்ளும். குழலின் பின்வாயை அடைப்பது அப்படியொரு உருண்டைத் தாழ்ப்பாள்தான். புகையில்லா வெடிமருந்துத் தோட்டா வெடிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 3,000 கிலோகிராமை ஒட்டிய அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தத்திற்கும் சுடுபவரின் முகத்திற்கும் இடையில் நிற்பது இந்தத் தாழ்ப்பாள் ஒன்றே. (எந்தப் பழைய துப்பாக்கியை எடுத்தாலும் முதல் வேலை போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வதுதான். ஆராய்ச்சியெல்லாம் அதற்கு அப்புறம்.)

மௌசர் 1838 ஜூன் 27ஆம் நாள், அன்றைய வூர்ட்டம்பெர்க் அரசில், நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. பழைய மடாலயம் ஒன்றில் 1811இல் அமைந்த அரசரின் துப்பாக்கித் தொழிற்சாலையில் தந்தை கூலிக்கு வேலை செய்தார். சிறுவன் பாலும் அங்கேயே வேலைக்குப் போனான். பல்கலைக்கழகப் படியை அவர் மிதித்ததில்லை.

என் தந்தை கடைசல் பட்டறைத் தொழிலாளி. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். என் தந்தை கடைந்த எத்தனையோ சாமான்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலாவது அவர் பெயர் இராது, வாங்கிய கம்பெனியின் பெயர்தான் இருக்கும். படித்தவர் வரைவார், பட்டறைக்காரர் அதன்படி கடைவார் என்பது உலக வழக்காயிற்றே. அரம் பிடித்த கையே வரையவும் செய்து, அந்தப் பெயரே எஃகிலும் பதிந்த கதை என்பதால்தான் மௌசரின் வரலாறு என்னை இழுத்தது.

1859இல் பால் பட்டாளத்திற்கு அழைக்கப்பட்டார். பீரங்கிப் படையில் சேர்ந்தவருக்கு லுட்விக்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கில் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. அக்காலத்தில் புகழ் பெற்றிருந்தது பிரஷ்யாவின் டிரைசே ஊசித் துப்பாக்கி. 1866இல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த துப்பாக்கி அது. அதன் தோட்டா காகிதத்தால் ஆனது. பின்வாயில் புகை கசியும். ஊசியின் வில்லைத் தனியாக இழுத்து நிறுத்த வேண்டும். பாலும் அண்ணன் வில்ஹெல்மும் இதைத் திருத்த முனைந்தார்கள். தாழ்ப்பாளைத் திருப்புகிற அசைவிலேயே வில் தானாக இழுபடும்படி செய்ததுதான் அவர்கள் கண்ட புதுமை. கேட்பதற்குச் சின்னக் காரியம். ஆனால் போர்க்களத்தில் ஓர் அசைவு குறைவது உயிர்க்கணக்கு.

உள்ளூரில் யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி ஏஜெண்டான சாமுவேல் நாரிஸ் என்பவர்தாம் பணம் போட முன்வந்தார். சகோதரர்கள் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் போய் வேலை செய்தார்கள். 1868இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையில் நாரிஸின் பெயரும் ஏறியது. பிறகு அவர் கைவிட்டுவிட, இருவரும் ஊர் திரும்பினார்கள். ஆனாலும் ஸ்பாண்டாவ் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் சோதனைகளில் அவர்கள் துப்பாக்கி தேறியது. பிரஷ்யா அதை ஏற்றுக்கொண்டது. அதுவே 1871ஆம் ஆண்டு மாதிரி.

இன்று ஒருவர் கையில் 11 மி.மீ. குழலுடன், ஒரே ஒரு தோட்டா போடும் மௌசர் இருந்தால் அது இந்த வகை. போல்ட்டின் முன்முனையில் பூட்டுப்பல் இராது. பிடியின் அடிப்பகுதியே பூட்டாக நிற்கும். சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே தட்டிவிடும் உறுப்பும் கிடையாது, துப்பாக்கியைச் சாய்த்து உதற வேண்டும். குழலுக்கு அடியில் குழாய் போன்ற தோட்டா அறை இருந்தால் அது 71/84 மாதிரி. இரண்டுமே கரிமருந்துக் காலத்தவை. புதுக்காலத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

1874இல் சகோதரர்கள் வங்கி ஒன்றின் துணையுடன் அரசரின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார்கள். தகப்பன் கூலி வாங்கிய இடம் பிள்ளைகளின் சொத்தாயிற்று. வியாபாரத்தைக் கவனித்து வந்த வில்ஹெல்ம் 1882இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் தொழிற்சாலை பங்குக் கம்பெனியாக மாறியது. 1887இல் பெரும்பான்மைப் பங்குகள் பெர்லினின் லுட்விக் லோவே கம்பெனியிடம் போயின. பால் மீண்டும் தொழில்நுட்பம் பார்ப்பவராகவே நின்றார்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. 1886இல் பிரான்சு புகையில்லா மருந்தில் சுடும் லெபல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பதறிப்போன ஜெர்மன் ராணுவம் ஒரு குழுவை அமைத்தது. 1888இல் புதுத் துப்பாக்கி வந்தது. மௌசரைக் கலந்துகொள்ளவே இல்லை. அவருடைய போல்ட்டிலிருந்து கொஞ்சம், ஆஸ்திரியாவின் மான்லிகரின் தோட்டா அறையிலிருந்து கொஞ்சம் என்று ஒட்டுப்போட்டுச் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவரை ஒதுக்கிச் செய்த இந்தத் துப்பாக்கியையும் விற்பவர்கள் இன்றளவும் மௌசர் என்றே சொல்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. 88இல் போல்ட் ஓடும் எஃகுக் கூட்டின் பின்பாலம் நடுவில் பிளந்திருக்கும். போல்ட்டின் பிடி அந்தப் பாலத்திற்கு முன்னே படியும். 98 மௌசரிலோ பாலம் முழுசாக இருக்கும்; பிடி அதற்குப் பின்னே இருக்கும்.

ஐம்பது வயதில் இப்படி ஒதுக்கப்பட்டவர் வேலையை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய மிகச் சிறந்த பத்தாண்டு அதற்குப் பிறகுதான் வந்தது. 1889இல் பெல்ஜியத்திற்காகச் செய்த மாதிரியில் போல்ட்டின் முன்முனையில் இரண்டு பூட்டுப்பற்கள் தோன்றின. வெடிப்பு நிகழும் இடத்திற்குப் பக்கத்திலேயே பூட்டு அமைந்ததால், விசையை வாங்கி நெளியும் எஃகின் நீளம் குறைந்தது. தோட்டா அறை இன்னும் கட்டைக்கு வெளியே தொங்கியது. 1893இல் ஸ்பெயினுக்குச் செய்ததில் ஐந்து தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுங்க, அறை கட்டைக்குள் ஒளிந்துகொண்டது. போல்ட்டோடு சேர்ந்து சுழலாத நீண்ட நகம் ஒன்று தோட்டாவின் விளிம்பைப் பற்றி இழுத்தது. 1898இல் கியூபாவில் ஸ்பானியர் கையில் இதை எதிர்கொண்ட அமெரிக்கா, பின்னர் 1903இல் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக மௌசர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் உரிமைத்தொகை கட்ட நேர்ந்தது.

1898இல் ஜெர்மனியே அவரிடம் திரும்பி வந்தது. அந்த மாதிரியில் போல்ட்டின் பின்பகுதியில் மூன்றாவது பல் ஒன்று உண்டு. அது சாதாரணமாக எந்தச் சுமையையும் தாங்காது. முன்பற்கள் இரண்டும் உடைந்தால்கூடப் போல்ட் பின்னே பாய்ந்து முகத்தில் அடிக்காமல் தடுக்கவே அது இருக்கிறது. தோட்டா வெடித்துக் கிழிந்தால் பாயும் வாயுவைக் கண்ணில் படாமல் திருப்ப, போல்ட்டின் பின்மூடியில் அகலமான விளிம்பும் உண்டு. 89 முதல் 96 வரை மூடும்போது இழுபட்ட ஊசி வில் இதில் திறக்கும்போதே இழுபடும். ஆக மூன்று பல், அகன்ற விளிம்பு, திறக்கையில் இறுகும் வில் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் கையில் இருப்பது 98 குடும்பம். அடுத்தவர் முகத்திற்காக இவ்வளவு யோசித்த மௌசர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கும்போது தம் கண் ஒன்றை இழந்தார்.

வேட்டைக்காரர்கள் 98ஐ விரைவிலேயே தமதாக்கிக்கொண்டார்கள். லண்டனின் ரிக்பி கம்பெனி மௌசர் பொறியமைப்பை வாங்கி வேட்டைத் துப்பாக்கிகள் செய்தது, 7 மி.மீ. மௌசர் தோட்டாவுக்கே .275 ரிக்பி என்று பெயரிட்டது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அத்தகைய துப்பாக்கிதான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மௌசர் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1912இல் பிரபுப் பட்டமும் வந்தது. 1914 மே 29இல் ஓபெர்ன்டார்ஃபில் காலமானார். இரண்டு மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. 98 துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் அடித்துக் குவிக்கப்பட்டன; தடுப்பதற்கென்றே மூன்றாவது பல் வைத்தவருடைய துப்பாக்கி எத்தனை பேரைக் கொன்றது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

போர் முடிந்ததும் மிஞ்சிய துப்பாக்கிகள் பல வேட்டைக்கு மாற்றப்பட்டன. இன்று கைமாறும் பழைய மௌசர்களில் நிறைய அப்படி வந்தவைதாம். நேராக நீட்டிக்கொண்டிருந்த போல்ட் பிடியை வளைத்திருப்பார்கள். பின்பாலத்தில் தோட்டாப் பட்டையைச் செருகும் காதுகளைத் தேய்த்திருப்பார்கள். கூட்டின் இடப்பக்கச் சுவரில் கட்டைவிரல் இறங்க வெட்டிய பள்ளம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கூட்டின்மேல் தொழிற்சாலைப் பெயர் வாஃபென்ஃபாப்ரிக் மௌசர் என்றிருந்தால் 1922க்கு முன். மௌசர் வெர்கே என்றிருந்தால் பின். குழலில் மகுடத்தின் கீழ் எழுத்துகள் இருந்தால் 1891 சட்டப்படியான சோதனை முத்திரை. 1939 சட்டத்திற்குப் பிறகு மகுடம் போய்க் கழுகு வந்தது. கடைசியாக எண்கள். கூட்டில் உள்ள எண்ணின் கடைசி இலக்கங்களைப் போல்ட்டிலும் அடித்தட்டிலும் விசைக்காப்பிலும் பொறித்திருப்பார்கள். அவை ஒத்துவந்தால் அந்த உறுப்புகள் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணாக இருந்தால், மூன்று நான்கு படைவீரர்களின் துப்பாக்கிகளைப் பிரித்துச் சேர்த்துத்தான் அந்த மான் துப்பாக்கியைச் செய்திருக்கிறார்கள்.