எம்டன் மூழ்கடித்த பெட்டிகளும், எலியை ஊர்வலம் விட்ட பேராசிரியரும்!

ஏமாற்றவே முடியாத கணக்கு வாத்தியாரையோ, கறாரான தாத்தாவையோ ‘சரியான எம்டன்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல்தான் அந்த எம்டன். இது நமக்குத் தெரிஞ்ச கதை.

தெரியாத கதை ஒண்ணு இருக்கு. அடுத்த மாதமே அதே எம்டன், ‘க்ளான் கிரான்ட்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அதிலிருந்த பெட்டிகளில் உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள். ஒரு மனுஷர் வருடக்கணக்கில் சேர்த்தவை. மெட்ராஸில் கண்காட்சி வைக்க வந்துகொண்டிருந்தன. எல்லாம் கடலுக்கு அடியில்.

அவருக்கு அப்போதான் 60 வயசு முடிஞ்சிருந்தது. பெயர் பேட்ரிக் கெடிஸ். ‘டவுன் பிளானிங்’ என்ற துறையையே உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். நம்ம தஞ்சாவூர் சந்துகளில் நடந்து திரிந்தவர்.

1854 அக்டோபர் 2-ல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ராணுவக்காரர். பையனை பேங்க் வேலையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷம் தாக்குப் பிடித்துவிட்டு வெளியே வந்துட்டார். பிறகு லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ போன இடத்தில் திடீரென்று கண் பார்வை போனது. வாரக்கணக்கில் இருட்டறை வாசம். மைக்ராஸ்கோப்பை நம்பி வாழ நினைத்த 25 வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஜன்னல் சட்டங்களை விரலால் தடவித் தடவி, கட்டங்களுக்குள் விஷயங்களை அடுக்கி யோசிக்கும் பழக்கம் அந்த இருட்டில்தான் வந்தது. பார்வை திரும்பியது. ஆனாலும் மைக்ராஸ்கோப் முன்னால் மணிக்கணக்கில் உட்காரும் வாழ்க்கை முடிந்துபோனது. செடியையும் புழுவையும் பார்த்த கண், ஊரைப் பார்க்க ஆரம்பித்தது.

1886-ல் அன்னா மார்ட்டனோடு கல்யாணம். கொஞ்ச நாளில் புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே குடிபோனார் தெரியுமா? எடின்பரோ பழைய நகரின் நெரிசலான, அழுக்கான ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்புக்கு! வசதியானவர்கள் எல்லாரும் புது நகருக்குப் போய்விட்ட காலம் அது. இவர்கள் உள்ளே போனார்கள். துடைப்பத்தை எடுத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். இடிந்து கிடந்த மனைகள் குட்டித் தோட்டங்களாயின. பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு, மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் விடுதிகளைத் தொடங்கினார். 1892-ல் கோட்டைப் பக்கம் ஒரு கோபுரத்தை வாங்கி ‘அவுட்லுக் டவர்’ என்று பெயர் வைத்தார். உச்சியில் ‘கேமரா அப்ஸ்க்யூரா’. மொத்த ஊரும் வெள்ளை மேஜை மேல் நகரும் படமாக விழும். ஊரைச் சீர்திருத்தணுமா, முதல்ல அதை முழுசாப் பாருங்க என்பதுதான் ஐடியா.

மனுஷர் சரியான குழப்பவாதியும்கூட. கையில் காசு தங்காது. கடனை அடைக்க நண்பர்கள் சேர்ந்து 1896-ல் ஒரு கம்பெனியே தொடங்க வேண்டி வந்தது. மேடையில் பேசினால் பாதி வார்த்தை தாடிக்குள்ளேயே தங்கிவிடும். பத்து வேலை தொடங்கினால் மூணுதான் முடியும். டண்டீயில் தாவரவியல் பேராசிரியர் வேலை மட்டும் 1888 முதல் 1919 வரை நிலைத்தது. அதுவும் வருஷத்தில் ஒரு கோடைப் பருவம் பாடம் எடுத்தால் போதும் என்பதால்!

சரி, மெட்ராஸுக்கு வருவோம். கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில்தான் கெடிஸ் இங்கே வந்தார். பெட்டிகள் மூழ்கியது தெரிந்ததும் திரும்பிப் போயிருக்கலாம். போகலை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் மெட்ராஸ் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி திறந்தது.

அதற்கப்புறம் நடை. ஊர் ஊராக, தெருத் தெருவாக, கையில் வரைபடத்தோடு. அந்தக் காலத்து நகராட்சி இன்ஜினீயர்களுக்கு ஒரே மருந்துதான் தெரியும். நெரிசலான தெருவா? ஸ்கேல் வைத்து நேர்கோடு போடு, குறுக்கே வரும் வீடுகளை இடி, அகலமான ரோடு போடு. சுகாதாரம் வந்துடும்! ஜேசிபி வந்து நிற்கும் வீடியோக்களை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்திருப்பீங்களே, அதன் பாட்டன் வெர்ஷன்.

கெடிஸ் கேட்ட கேள்வி சிம்பிள். வீட்டை இடிச்சா அந்தக் குடும்பம் எங்கே போகும்? பக்கத்துச் சந்தில் ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் வீட்டுக்குத்தான். அங்கே வாடகை ஏறும், நெரிசல் கூடும், நோயும் கூடவே போகும். அரசாங்கக் கணக்கில் ஒரு சேரி ஒழிந்திருக்கும். நிஜத்தில் இன்னொன்று முளைத்திருக்கும்.

தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கும் அப்படியொரு நேர்கோட்டுத் திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தார். புது ரோடே தேவையில்லை என்றார். இருக்கிற சந்துகளையே கொஞ்சம் அகலப்படுத்தலாம். நிஜமாகவே விழப்போகிற சில வீடுகளை மட்டும் எடுக்கலாம். சும்மா கிடக்கும் மனைகளைச் சேர்த்தால் காற்றும் வெளிச்சமும் வரும், மரம் வைக்கலாம். செலவும் பல மடங்கு குறையும். இதற்கு அவர் வைத்த பெயர் ‘கன்சர்வேட்டிவ் சர்ஜரி’. கால் விரலில் புண் என்றால் காலையே வெட்டாத டாக்டர் மாதிரி.

கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடும் பழக்கத்தையும் எதிர்த்தார். குளத்தைச் சுத்தம் பண்ணுங்க, மீனும் வாத்தும் விடுங்க, கொசு முட்டையை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். (1920-களில் மாம்பலம் பக்கத்து ஏரியை மேடாக்கித்தான் தி.நகர் வந்தது. ரங்கநாதன் தெருவில் நெரிசலில் சிக்கும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.) நம்ம கோயில் நகரங்கள் மேல் அவருக்குத் தனிக் காதல். கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வரும் தேரோடும் வீதிகளை, ஊர் அமைப்பதற்கான பாடமாகவே பார்த்தார்.

1917 அவருக்கு இடிமேல் இடி. ஏப்ரலில், பிரான்ஸ் போர்க்களத்தில் மூத்த மகன் அலஸ்டேர் கொல்லப்பட்டான். இந்தியாவுக்கு அப்பாவோடு வந்து கூடவே வேலை பார்த்த பையன். தந்தி வந்தபோது அன்னா கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் சொல்லவில்லை. மகன் போனது தெரியாமலே சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார். 31 வருஷத் துணை.

அந்த வருஷ தீபாவளிக்குத்தான் இந்தூர் ஊர்வலம்.

இந்தூரில் பிளேக். வரைபடத்தோடு சந்துகளில் சுற்றும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்தாலே ஜனங்கள் பயந்தார்கள். இவர்தான் நோயைக் கொண்டுவருகிறார், வீட்டை இடிக்க வருகிறார் என்று பேச்சு. கெடிஸ் நேராக மன்னரிடம் போய், என்னை ஒரு நாள் மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டார். கிடைத்தது! ஒரு அறிவிப்பு வந்தது. இந்த தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது. எந்த வழியில் அதிக வீடுகள் சுத்தமாக்கப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டிருக்கோ, அந்த வழியில்தான் போகும்.

அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தோடு இறங்கிடுச்சு. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. எங்க தெருவா, உங்க தெருவா என்று போட்டி.

ஊர்வலத்தில் யானைகள், குதிரைகள், விவசாயிகளின் வண்டிகள். பின்னால் அழுக்கு வீடுகளின் மாதிரிகள், அசுரர்கள், ஒரு ராட்சத எலி. அடுத்து வந்தவர்கள் ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள். வெள்ளை உடையில், மாலையோடு, துடைப்பங்களில் பூ சுற்றி. தெருவில் நிழல்கூடப் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களை ஊர் நின்று பார்த்தது. ஒரு நாள் மாலையால் அவர்கள் வாழ்க்கை மாறிடுமா? மாறாதுதான். ஆனால் மருந்தை விட்டுவிட்டு, ஊரைக் காப்பவர்கள் யார் என்று காட்டத் தோன்றியதே, அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரியுது.

கடைசியில் எலியையும் அசுரனையும் கொளுத்தினார்கள், வாணவேடிக்கை வேற. பிளேக் அடங்கியது. அதற்கான சீசன் முடிந்ததுதான் முக்கியக் காரணம் என்று கெடிஸே ஒப்புக்கொண்டார். பயம் போனது மட்டும் நிஜம். முன்பு கதவைச் சாத்தியவர்கள் இப்போது அவரை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

1919 முதல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1920-ல் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். இந்தியாவில் எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் பல, அலுவலக அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. அவற்றின் பகுதிகளைத் தொகுத்து 1947-ல்தான் ஒரு புத்தகம் வந்தது. அப்போது அவர் இல்லை. ‘சர்’ பட்டம் கிடைத்த சில வாரங்களில், 1932 ஏப்ரல் 17-ல் பிரான்ஸின் மோன்பெலியேவில், மாணவர்களுக்காக அவர் கட்டிய விடுதியில் காலமானார்.

எடின்பரோ போனால் அவுட்லுக் டவரில் ஏறிப் பாருங்க. அந்தக் கேமரா அப்ஸ்க்யூரா இன்னும் ஓடுது. கீழே பழைய நகரில், அவர் காலத்தில் போட்ட தோட்டங்களில் ஒன்றிரண்டு இன்னமும் இருக்கு.