தடையை மீறியவர், தவணையைக் காத்தவர்

பெப்ரவரி 21, சர்வதேச தாய்மொழி தினத்துக்காகக் காலைக்கூட்ட உரையொன்றைத் தயாரிக்கும்போதுதான் நீதியரசர் முஹம்மத் ஹபீபுர் ரஹ்மானை நான் அறிந்துகொண்டேன்.

முர்ஷிதாபாத்தில் பிறந்த அவர், டாக்கா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். 1952ஆம் ஆண்டு இதே நாளில், வங்காளத்தையும் அரச மொழியாக்கக் கோரி, தடையுத்தரவை மீறிச் சென்ற மாணவர்களின் முதல் அணிக்குத் தலைமை தாங்கிக் கைதானார். அன்று பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின.

பின்னர் ஒக்ஸ்போர்டில் வரலாறும் இலண்டனில் சட்டமும் கற்றார். விரிவுரையாளர், சட்டத்தரணி, நீதிபதி என உயர்ந்து 1995இல் பங்களாதேஷின் பிரதம நீதியரசரானார். நேசித்த மொழிக்கு ஒருபொருட்சொல் அகராதி ஒன்றும் தொகுத்தளித்தார்.

கட்சிகளின் மோதலால் நாடு கொந்தளித்திருந்த 1996 மார்ச் 30இல் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகரானார். குறித்த தவணைக்குள் நீதியான தேர்தலை நடத்துவதே அவர் பொறுப்பு. மே மாதம் இராணுவத் தளபதி பதவிநீக்கப்பட, இராணுவப் புரட்சி அபாயம் சூழ்ந்தது. தேர்தலை ஒத்திவைக்க அதுவே போதிய காரணம், அவர் ஒத்திவைக்கவில்லை. ஜுன் 12இல் மக்கள் வாக்களித்தனர். 23இல் வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ஆண்டது 85 நாட்களே.

மாணவனாகச் சட்டத்தை மீறியவர், ஆட்சியாளராக அதற்குக் கட்டுப்பட்டது முரணல்லவா என்று வாப்பாவிடம் கேட்டேன். இரண்டு தடவையும் அவர் தனக்காக எதையும் கேட்கவில்லையே என்றார் வாப்பா. 2014இல் மறைந்த அந்தப் பெரியவரைப் பற்றிய என் உரையை அந்த வாக்கியத்தோடுதான் முடித்தேன்.