பெயர் காத்த கம்மியர்: ஹென்றி டெரிஞ்சர்

செய்தவன் மறைந்த பின்னும் அவன் செய்த பொருள் நிலைத்து அவன் பெயரைச் சுமந்து நிற்பது, கைத்தொழிலாளர்க்கு வாய்க்கும் பேறுகளுள் தலையாயது என்பர். ஆயினும் அப்பேறு எல்லார்க்கும் இனிதாய் முடிவதில்லை. தொழிற் செம்மையாற் பெயர் பெற்று, அப்பெயரைப் போலி செய்வோரிடமிருந்து காக்க முதுமையில் வழக்காடி, வழக்கில் வென்றும் பெயரை இழந்தார் ஒருவர். அவரே அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் ஹென்றி டெரிஞ்சர். அவர் பெயர் இன்று ஆங்கில அகராதிகளில் ஒரு பொதுச்சொல்லாக இடம்பெற்றிருக்கின்றது. அதுவும் எழுத்துப் பிழையோடு!

டெரிஞ்சர் 1786ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் பெயரும் ஹென்றி என்பதே. அவர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். வேடர்களும் எல்லைப்புறக் குடியானவர்களும் பெரிதும் விரும்பிய நெடுங்குழல் துப்பாக்கிகளைச் செய்தவர். மைந்தர் தந்தையின் பட்டறையில் உலைத்தீயையும் சம்மட்டி ஒலியையும் கண்டும் கேட்டும் வளர்ந்தார். பின்னர் வெர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஓர் ஆசானிடம் தொழில் பயின்றார். 1806ஆம் ஆண்டில், இருபது வயதளவில், பிலடெல்பியா நகரில் தமக்கெனப் பட்டறை நிறுவினார். இறக்கும்வரை அந்நகரை விட்டு அவர் தொழில் பெயரவில்லை.

தொடக்கத்தில் அவருடைய தொழிலுக்கு உரம் ஊட்டியவை அரசாங்க ஒப்பந்தங்கள். 1817ஆம் ஆண்டு மாதிரியில் அமைந்த படைத் துப்பாக்கிகளை அவர் பட்டறை செய்து கொடுத்தது. கிழக்குப் பகுதியிலிருந்த தாய்நிலங்களை விட்டு மேற்கே பெயர்க்கப்பட்ட பழங்குடி மக்களுக்கு உடன்படிக்கைப்படி அரசு வழங்கிய துப்பாக்கிகளிலும் பல அவர் செய்தவை. 1840களில் கடற்படைக்கும் கைத்துப்பாக்கிகள் செய்தார். இவை யாவும் மாதிரி கொடுத்துச் செய்வித்த வேலைகள். அவர் பெயரை உலகறியச் செய்ததோ எவரும் மாதிரி கொடாமல் அவர் தாமே வகுத்த ஒரு சிறு பொருள்.

அக்காலத்து அமெரிக்க நகரங்களில் கைத்துப்பாக்கி தாங்குவது வியப்பன்று. ஆனால் படைவீரர் இடுப்பில் தொங்கவிடும் நெடிய கைத்துப்பாக்கியை நகரத்து வணிகனோ வழக்கறிஞனோ அணிந்து உலாவ இயலாது. மேலங்கிப் பையில் வைத்தால் உருத் தெரியாதிருக்க வேண்டும். நாள் முழுதும் சுமந்தாலும் பாரம் தோன்றலாகாது. இடர் நேர்ந்தால் ஓரடியில் எதிரியைத் தடுக்க வேண்டும். இம்மூன்று வேண்டுதலையும் ஒரு பொருளில் அடக்கும் முயற்சியை டெரிஞ்சர் 1825ஆம் ஆண்டளவில் தொடங்கினார் என்பது வரலாற்றாசிரியர் துணிபு.

அவர் கண்ட வழி எளிது. குழலைக் குறுக்கினார், அதன் வாயை மட்டும் குறுக்கவில்லை. ஒன்றரை அங்குலம் முதல் ஆறு அங்குலம் வரை பல நீளங்களிற் குழல் அமைத்தாராயினும், பையில் அடங்கும் குறுங்குழல்களே பெரிதும் விலைபோயின. வாயின் விட்டமோ பெரும்பாலும் ஓர் அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தொரு பங்கு, அஃதாவது பத்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல். குறுங்குழலிற் புறப்படும் குண்டுக்கு விரைவு குறைவு. ஆகவே விரைவால் இழந்ததைக் கனத்தால் ஈடு செய்தார். கைப்பிடி வால்நட் மரத்தாற் செய்யப்பட்டது. அணிவேலை ஜெர்மன் வெள்ளி எனப்படும் உலோகக் கலவையால் ஆனது. குதிரையை இயக்கும் வில்லைக் குதிரைக்குப் பின்புறமாக அமைத்தமையால் முன்பகுதி மெலிந்து பைக்கு இசைந்தது.

வெடிக்கும் முறையிலும் அவர் காலத்தோடு ஒத்துச் சென்றார். பழைய துப்பாக்கிகளிற் சக்கிமுக்கிக் கல் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும். மழையிலும் காற்றிலும் அது பொய்க்கும். ஸ்கொத்லாந்துப் பாதிரியாரான அலெக்சாண்டர் போர்சைத், அடித்தவுடன் வெடிக்கும் மருந்தாற் பற்றவைக்கும் முறைக்கு 1807ஆம் ஆண்டு உரிமை பெற்றார். அதன் வழிவந்ததே, அம்மருந்தைச் செம்பாற் செய்த சிறு மூடியில் அடைத்துக் குதிரையின் அடிக்குக் கீழ் வைக்கும் ஏற்பாடு. டெரிஞ்சரின் சிறு துப்பாக்கி இவ்வேற்பாட்டால் இயங்கியது. கல்லும் அதைப் பற்றும் தாடையும் இல்லாமையால், பையிலிருந்து எடுக்கும்போது துணியிற் சிக்கும் உறுப்புகளும் குறைந்தன.

ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. மெலிந்த படைக்கலத்திற் கனத்த குண்டை ஏற்றினால், குண்டு முன்செல்லும் வேகத்துக்கு ஈடாகப் படைக்கலம் பின்னோக்கிக் கையை உதைக்கும். குழல் குறுகினால் குறி தவறும். சில அடிகளுக்கு அப்பால் அது பெரும்பாலும் பயனற்றது. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வேறொன்று. மருந்தை வாய்வழி இட்டு, குண்டைத் துணியிற் பொதிந்து தள்ளி, மூடி பொருத்திச் சுட்டால் ஒரு முறைதான் சுடலாம். மறுமுறை நிரப்ப எதிரி காத்திரான். இக்காரணம் பற்றியே இவை பெரும்பாலும் இணை இணையாக விற்கப்பட்டன. சிறுமை, இலேசு, பெருங்குண்டு என்னும் மூன்றையும் விரும்புவோன் நான்காவதாக ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். டெரிஞ்சரிடம் வாங்கியோர் விட்டுக்கொடுத்தது இரண்டாம் முறை சுடும் வாய்ப்பை.

கொனெக்டிகட் மாநிலத்துச் சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டில் அமெரிக்க உரிமை பெற்ற சுழல் துப்பாக்கி பலமுறை சுட வல்லது. அது வந்த பின்னும் டெரிஞ்சரின் பொருளுக்கு மதிப்புக் குன்றவில்லை. பையில் மறையும் ஒன்றையே நகரத்தார் நாடினர். 1849ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடி மக்கள் வெள்ளமாய்ச் சென்றபோது, சூதாட்டக் கூடமும் மதுக்கடையும் நிறைந்த அந்நிலத்தில் இச்சிறு துப்பாக்கிக்குப் பெருஞ்சந்தை திறந்தது. டெரிஞ்சர் தம் வாழ்நாளிற் செய்தவை ஏறத்தாழ 15,000 என மதிப்பிடுவர். ஒவ்வொன்றிலும் தம் பெயரையும் நகரின் பெயரையும் முத்திரையாகப் பொறித்தார். இவ்வமைப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அம்முத்திரை ஒன்றே அவர் அரண்.

அவ்வரணைத்தான் பிறர் இடிக்கத் தலைப்பட்டனர். அவர் பட்டறையில் தொழில் பயின்ற சிலர் வெளியேறி, சிலாட்டர் என்னும் பெயரால் தனி நிறுவனம் தொடங்கி, அதே உருவில் துப்பாக்கி செய்து அதே முத்திரையையும் இட்டனர். பிலடெல்பியாவில் ஜோன் டெரிஞ்சர் என்றொரு தையற்காரர் இருந்தாராம். ஊசியும் நூலும் அன்றி வேறு கருவி அறியாத அவரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரைப் பொறிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டனர் போலி செய்வோர் என்று ஒரு வரலாறு வழங்குகின்றது. பெயர் ஒன்றே, கைதான் வேறு. தொழிலறியாத் தையற்காரர் பெயர் துப்பாக்கிக் குழலில் ஏறியது நகைப்புக்கு இடமாயினும், நாற்பதாண்டு உழைப்பிற் சேர்த்த நம்பிக்கை அங்கே களவு போயிற்று.

போலிகளை விற்ற சான் பிரான்சிஸ்கோ நகரத்து வணிகர் பிளேட் என்பவர்மீது டெரிஞ்சர் வழக்குத் தொடுத்தார். எழுபது வயதைக் கடந்த கம்மியர், பெருங்கண்டத்தின் மறுகரையிலுள்ள நீதிமன்றத்தில் தம் பெயருக்காகப் போராடினார். 1865ஆம் ஆண்டில் கலிபோர்னிய உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு வாணிகக் குறியை முதலில் வழங்கி நிலைநாட்டியவனுக்கே அது உரியது. அவ்வுரிமை ஒரு மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுவதன்று என்னும் கருத்தை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அமெரிக்க வாணிகக் குறிச் சட்ட வரலாற்றில் அது பெயர்பெற்ற வழக்கு. சட்டம் அவர் பெயரை அவரிடமே மீட்டுக் கொடுத்தது.

ஆனால் அதே 1865ஆம் ஆண்டில் அப்பெயருக்கு வேறொன்று நேர்ந்தது.

ஏப்ரல் 14ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. உள்நாட்டுப் போரில் தென்னவர் தளபதி லீ சரணடைந்து ஐந்து நாட்களே கழிந்திருந்தன. வாஷிங்டன் நகரத்துப் போர்ட் நாடகசாலையில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் மனைவியாரோடு ஒரு நகைச்சுவை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோன் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் அச்சாலையில் யாவர்க்கும் அறிமுகமானவன். அவன் நடமாட்டத்தை ஐயுறுவார் இல்லை. அவன் பையில் இருந்தது டெரிஞ்சரின் துப்பாக்கி. அதன் எடை அரை றாத்தல். நீளம் ஆறு அங்குலம் அளவு. லிங்கன் இருந்த மாடத்துக்குட் புகுந்து, பின்னின்று, மிக அணுக்கத்தில் தலையிற் சுட்டான். ஒரே குண்டு, அது போதுமாயிற்று. வெறுமையான துப்பாக்கியைக் கீழே போட்டு, தடுக்க வந்த மேஜர் ரத்போனைக் கத்தியாற் குத்தி, மேடைமீது குதித்து ஓடினான். லிங்கன் எதிர்வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறுநாட் காலை 7 மணி 22 நிமிடத்தில் உயிர் நீத்தார். பூத் ஏப்ரல் 26ஆம் நாள் வெர்ஜீனியாவில் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் சுடப்பட்டு இறந்தான்.

கும்பிடும் கையையும் ஐயுறுமாறு வள்ளுவர் எச்சரித்தது இத்தகைய மறைபடையை எண்ணியே. அமெரிக்கரும் இதனை உணராதவரல்லர். கெண்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813ஆம் ஆண்டிலேயே படைக்கலத்தை மறைத்துத் தாங்குவதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. வெளிப்படத் தாங்குவது ஆண்மை, மறைத்துத் தாங்குவது வஞ்சம் என்னும் எண்ணம் அக்காலத்து மக்களிடை நிலவியது. டெரிஞ்சரின் கைத்திறன் முழுதும் அவ்வஞ்சத்துக்கே பயன்பட்டது என்றல் நீதியன்று. தற்காப்புக்காக வாங்கியோரும் பலர். ஆயினும் எந்தக் குணங்களை அவர் அரிதின் முயன்று அப்பொருளில் அமைத்தாரோ, அந்தச் சிறுமையும் இலேசும் பெருங்குண்டுமே அன்றிரவு கொலைஞனுக்கு வேண்டியனவாயின. குறி தவறும் குறையும் ஒரு முறையே சுடும் குறையும், பின்னின்று தலையருகே சுடுபவனுக்குக் குறைகளாகவில்லை.

செய்தித்தாள்கள் அத்துப்பாக்கியைப் பற்றி எழுதின. டெரிஞ்சர் என்னும் பெயரின் நடுவே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து ஒன்றே வரும். எழுதியோர் இரண்டாக இட்டனர். நம் மாணவர் ரகரமும் றகரமும் மயங்குவது போன்ற சிறு வழுவே. ஆயினும் அவ்வழு நிலைத்துவிட்டது. பிற நிறுவனத்தாரும் தம் சிறு துப்பாக்கிகளை அவ்விரட்டை எழுத்துச் சொல்லால் அழைத்தனர். வாணிகக் குறி என்பது ஒருவர்க்கு உரிய பெயர். அகராதிச் சொல்லோ எல்லார்க்கும் உரியது. நீதிமன்றம் ஒரு வணிகரைத் தடுக்கலாம். மக்கள் நாவைத் தடுக்க வல்லதன்று.

ஹென்றி டெரிஞ்சர் 1868ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் தமது எண்பத்தோராம் வயதிற் காலமானார். பிலடெல்பியாவின் லோரல் ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற சிக்கலுக்குப் பின்வந்தோர் வேறு வேறு விடை கண்டனர். ரெமிங்டன் நிறுவனம் 1866 முதல் 1935 வரை, ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் அமைந்த சிறு துப்பாக்கியைச் செய்தது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து வெப்லி நிறுவனம் 1872ஆம் ஆண்டில், குழல் குறுகி மூக்குச் சப்பிய, ஐந்து அறை கொண்ட பெருங்குண்டுச் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் தோற்றத்துக்கு இசையப் புல்டோக் என்னும் நாயின் பெயரைச் சூட்டியது. ஒரு முறையே சுடும் குறை அதில் நீங்கிற்று. ஆனால் எடை கூடிற்று. அவ்வகைத் துப்பாக்கி ஒன்றாலேயே 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். கழுவாத விரல்களால் மருத்துவர் புண்ணைத் துழாவியதால் நோய் முற்றிச் செப்டெம்பர் 19ஆம் நாள் மாண்டார். இருபதாம் நூற்றாண்டில் அலுமினியக் கலவையும் பின்னர் டைட்டானியமும் எடையைக் குறைத்தன. எடை குறையக் குறையக் கையை உதைக்கும் வலி கூடியது. மூன்றை விரும்புவோன் நான்காவதை இழக்கும் அப்பழைய கணக்கு மாறவேயில்லை.

பூத் எறிந்த துப்பாக்கி இன்று அதே நாடகசாலையின் காட்சிக் கூடத்தில் இருக்கின்றது. அது களவாடப்பட்டுப் போலி வைக்கப்பட்டதோ என்னும் ஐயம் எழ, 1997ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை ஆராய்ந்து, மெய்யானதே என்று உறுதி கூறியது. தம் பொருளையும் போலியையும் உலகம் பிரித்தறிய வேண்டுமென்று டெரிஞ்சர் வாழ்நாளின் இறுதியிற் பட்ட பாடு அறிவோம். அவர் கைவேலை ஐயமற மெய்யெனச் சான்று பெற்றது இவ்வொன்றிலேதான். வேறெதிலும் பெற்றிருக்கலாகாதா என்று அவர் ஆன்மா ஏங்கும்.

தொழிலிற் செம்மை வேண்டும் என்று மாணவர்க்கு நாம் ஓயாது சொல்கின்றோம், சொல்ல வேண்டியதே. ஆனால் செம்மை என்பது பொருள் எவ்வளவு நன்றாய் வேலை செய்கின்றது என்பதோடு முடிவதன்று. அது யார் கையில் என்ன வேலை செய்யும் என்பதும் செம்மையின் பகுதியாகும். ஹென்றி டெரிஞ்சர் முன்னதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பின்னதற்கு விடை சொல்ல வேண்டிய வேளை வந்தபோது, அவர் பெயர் அவர் வசம் இல்லை.